ரிவிஷன் டீச்சரின் நாணயம்

பிளாக்செயின், கிரிப்டோகரன்சி அடிப்படைகள் என்று ஒரு புதுப் பாடம் வருகிறது, அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சொன்னபோது அவள் கையில் டீ கப் இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“சார், எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாதே.”

“இங்க யாருக்கு மேடம் தெரியும்? எனக்குத் தெரியுமா? பயிற்சிக்கு அனுப்புறாங்க, போயிட்டு வந்துடுங்க. உங்க பழைய புரோகிராமிங் பேப்பருக்கு இந்த வருஷம் பசங்களே சேரலை. புதுசா எதுவும் எடுக்கலைன்னா உங்களை மாலை வளாகத்துக்கு மாத்தச் சொல்லி மேல இருந்து பேசுறாங்க. நான் எவ்வளவு நாள் தடுத்துக்கிட்டு இருக்க முடியும், சொல்லுங்க.”

மிரட்டலைக்கூட உபகாரம் போலச் சொல்லத் தெரிந்த மனிதர் அவர். மாலை வகுப்புகள் நடக்கும் அந்த வளாகம் ஊருக்கு வெளியே இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், திரும்பி வரும்போது ஒரு பஸ்தான் இருக்கும், அதுவும் வந்தால் உண்டு. அவள் சரி என்றாள். டீ ஆறிப்போயிருந்தது.

அவளுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ரிவிஷன் டீச்சர். எந்தப் பாடத்தை முடித்தாலும், “எதுக்கும் இன்னொரு தடவை ரிவிஷன் பார்த்துடலாம்” என்பாள். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள், படி இறங்குவாள், என்னவோ தோன்ற மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்ப்பாள். “பூட்டு ஒருநாள் கையோட வந்துடப் போகுது, திருடனுக்கு வேலை மிச்சம்” என்பார் அவள் கணவர். அவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு வீட்டின் முன்னறையில் காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் எப்போதும் மெழுகு உருகும் வாசனையும், எதன்மேலும் ஒரு வெள்ளைப் பொடியும் இருக்கும். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் கைவேலை என்று சொல்லிக்கொள்வார்.

பயிற்சிக்குப் போய்வந்தபின் அவளுடைய கலக்கம் இரண்டு மடங்கானது. முன்பாவது தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. இப்போது என்னென்ன தெரியாது என்பதும் தெரிந்துவிட்டது. மாணவர்களுக்கு நடத்துவதற்கு ஒரு பாடம் முன்னால் அவள் படித்தாள், சில நாள் அரைப் பாடம்தான் முன்னால். சமைக்கும்போது படித்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தாள். புரியாத இடத்தைக் கணவரிடம் சொல்லிப் பார்ப்பாள். அவருக்குப் புரிந்துவிட்டால் வகுப்புக்கும் புரியும் என்று ஒரு கணக்கு.

“ஒரு கணக்குப் புத்தகம். யாரு யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கு. அதுக்கு ஆயிரக்கணக்குல நகல். எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்துலயும் முந்தின பக்கத்தோட முத்திரை இருக்கும். நடுவுல ஒரு பக்கத்தை யாராவது திருத்தினா அடுத்த பக்கத்து முத்திரை ஒத்துப்போகாது. காட்டிக் கொடுத்துடும்.”

கணவர் கையிலிருந்த பல்வரிசையைத் திருப்பிப் பார்த்தார். “இதுலயும் அப்படித்தாம்மா. நடுப் பல்லு ஒண்ணை மட்டும் கொஞ்சம் பெருசா வெச்சிட்டா பக்கத்துல இருக்கிற அத்தனையும் இடிக்கும். வாயை மூடவே முடியாது.”

அடுத்த நாள் வகுப்பில் அதையே சொன்னாள். வகுப்பு சிரித்தது. பாடம் அன்று நன்றாகப் போனது.

ஆனால் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளைக் கேள்வி என்றே கூப்பிட்டார்கள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, முதல் பெஞ்சில் ஓரம். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னாலிருந்து, “மிஸ், ஒரு டவுட்” என்று குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டாலே டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். ஏனென்றால் அந்தக் கேள்விகள் பாடப்புத்தகத்தில் இருக்காது. பாதிக்கு மேல் அவளுக்குப் பதில் தெரியாது. “நல்ல கேள்வி, நாளைக்குச் சேர்த்துப் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த ஒரு கேள்விக்காக முட்டிமோதுவாள். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அந்தப் பாடத்தை அவள் கற்றுக்கொண்டதே பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்குப் பயந்துதான்.

பருவத்தின் நடுவில் செய்முறைப் பயிற்சி வந்தது. ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு காயின் உருவாக்க வேண்டும். பயிற்சிக்கென்றே இருக்கும் ஒரு வலையமைப்பில், எந்த மதிப்பும் இல்லாத விளையாட்டுக் காசு. கேள்வி தன் காயினுக்கு ரிவிஷன் காயின் என்று பெயர் வைத்திருந்தாள். வகுப்பே கைதட்டியது. டீச்சருக்கும் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் எழுதியிருந்த நிரலை வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். நடுவில் ஒரு வரி பிடிபடவில்லை. இரண்டு தரம் படித்தும் அது என்ன செய்கிறது என்று தெளியவில்லை. கேட்கலாம். கேட்டால், டீச்சருக்கே தெரியவில்லை என்று ஆகிவிடும். மற்றதெல்லாம் ஓடுகிறதே என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டாள். எதையும் மறுபடி பார்க்காமல் விடாத டீச்சர், அந்த ஒன்றை மட்டும் விட்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் கேள்வி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். முதல் பெஞ்சிலிருந்து பின்னால் போய் உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. டீச்சர் கவனிக்காமல் இல்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வகுப்பு தடங்கலில்லாமல் போயிற்று. என்ன ஆச்சு உனக்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரின் தம்பி வந்தான். அவனுக்கு மார்க்கெட் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. படி ஏறும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வந்தான்.

“என்னக்கா, கூடப் பொறந்தவன்கிட்டகூடச் சொல்லக் கூடாதா? ஊரே பேசுது, நான் அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.”

“என்னடா பேசுது?”

“உன் காயின்தான். ரிவிஷன் காயின்! எங்க தெருவுல பாதிக் கடைக்காரன் வாங்கிட்டான். எடுத்த எடுப்புல நான்தான் வாங்கினேன். எங்கக்கா ஆரம்பிச்சதுன்னு நான் சொன்னேன், அவ்வளவுதான், செருப்புக் கடைக்காரர், பை கடைக்காரர், சாவி போடுறவர், எல்லாரும் வரிசையில நின்னாங்க. தினம் ஏறுதுக்கா!”

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தம்பி போனை நீட்டினான். திரையில் ஒரு வட்டக் காசு, அதன்மேல் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் கோட்டுப்படம். அது அவள்தான். கீழே ஒரு சின்ன வீடியோ. அவளுடைய வகுப்பு, அவளுடைய புடவை, அவளுடைய குரல்.

“இன்னைக்கு இந்த ஒரு காசை வாங்குங்க, நாளைக்கு இதுவே ஆயிரமாகும்” என்று வீடியோவில் அவள் சொன்னாள். அத்தோடு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அவள் அதைச் சொன்னது உண்மை. அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருந்தாள். அப்படி யாராவது சொன்னால் எழுந்து ஓடிவிடுங்கள், அவன் உங்கள் பையைத் தடவ வந்தவன் என்று. அந்த வாக்கியத்தைக் காணோம்.

“தம்பி, இது நான் பண்ணினது இல்லடா.”

“சும்மா இருக்கா. உன் முகம்தானே? உன் குரல்தானே?”

“என் குரல்தான். ஆனா நான் இல்ல.”

தம்பிக்குப் புரியவில்லை. முன்னறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வந்தார். அவள் தம்பியின் போனை வாங்கி, “இதுல கொஞ்சம் வித்துக் காட்டு” என்றாள். 

“ஏறுற நேரத்துல எவனாவது விப்பானாக்கா?”

“கொஞ்சம்டா. ஒண்ணே ஒண்ணு.”

தம்பி அலுத்துக்கொண்டே விற்கும் பொத்தானை அழுத்தினான். சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி சிவப்பு. “நெட்வொர்க் கோளாறா இருக்கும்” என்றான். அவளுக்கு அது கோளாறாகத் தெரியவில்லை. மதிப்பெண் போட்ட அன்று பிடிபடாமல் போன அந்த ஒரு வரி இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்தக் காசை யாரும் வாங்கலாம். உருவாக்கியவரைத் தவிர வேறு யாராலும் விற்க முடியாது. அதுதான் அந்த வரி. விற்பவரே இல்லாவிட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்!

அன்று அவள் சாப்பிடவில்லை. தம்பி வீடு போய்ச் சேர்ந்திருப்பான், இன்னும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பான் என்று நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தாள். ஜன்னலை மூடினாள், திறந்தாள். கணவர் அவள் பின்னாலேயே டீயை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“போலீஸ் வருமா?” என்றாள் திடீரென்று.

“வந்தா வரட்டும். நீ என்ன தப்பு பண்ணின?”

“முழு மார்க் போட்டேன்.”

மறுநாள் காலையில் வகுப்புக்கு முன்பே அந்தப் பெண்ணை ஆய்வகத்துக்கு வரச் சொன்னாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்த பெண்ணைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள்.

“விளையாட்டுக்குத்தான் மிஸ். ஹாஸ்டல்ல நாலு பேர் வாங்குவாங்க, சிரிப்போம், விட்டுடலாம்னு நிஜ நெட்வொர்க்ல போட்டேன். அந்த வரி நான் எழுதினதுகூட இல்ல, வேற எங்கயோ இருந்து எடுத்தது. விக்க விடாம இருந்தா விலை விழாதுன்னு போட்டிருந்தாங்க. வீடியோவையும் நான்தான் வெட்டினேன். பிரெண்ட்ஸுக்கு அனுப்பத்தான். அது எப்படி வெளிய போச்சுன்னே தெரியலை.”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“யாரோ தெரியாதவங்க வாங்க ஆரம்பிச்சப்பவே. தினம் பார்ப்பேன் மிஸ், இன்னும் நாலு பேர் சேர்ந்திருப்பாங்க. நிறுத்தவும் தெரியலை, சொல்லவும் பயமா இருந்துச்சு.”

“அந்தப் பணம்?”

“தொடவே இல்ல மிஸ். சத்தியமா. எல்லாம் அந்தப் பொதுத் தொட்டியிலயேதான் இருக்கு. தொட்டா திருட்டாயிடும்னு தொடலை.”

வாங்குகிறவர்கள் கொடுக்கும் பணமெல்லாம் வலையமைப்பில் ஓர் இடத்தில் சேரும். அதைத்தான் வகுப்பில் தொட்டி என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டும் என்று வந்தவளுக்கு, முதலில் மூச்சு வந்தது. பணம் இருக்கிறது. அப்புறம்தான் கோபம் வந்தது. அதுவும் வந்த வேகத்தில் தன்மேலேயே திரும்பியது. இத்தனை வாரம் பின் பெஞ்சில் இந்தப் பெண் வெந்துகொண்டிருந்திருக்கிறாள், நாமோ சத்தமில்லாமல் இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

“இப்பவே அந்தப் பூட்டை எடுத்துடறேன் மிஸ். எல்லாரும் வித்துட்டுப் போகட்டும்.”

டீச்சர் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். ஏதோ தடுத்தது. வழக்கமான அந்தப் பாழாய்ப்போன சந்தேகம்தான், பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கச் சொல்லும் அதே சந்தேகம். “இரு” என்றாள். “எதுக்கும் இன்னொரு தடவை யோசிப்போம்.”

யோசித்தார்கள். பலகையில் தொட்டியை வரைந்தாள். பூட்டைத் திறந்தால் என்ன ஆகும்? முதலில் ஓடிவந்து விற்கிறவன் ஏறிய விலைக்கு அள்ளிக்கொண்டு போவான். அடுத்தவனுக்குக் கொஞ்சம். போனைப் பார்க்காமல் கடையில் வேலையாக இருப்பவனுக்கு, விற்க முடியும் என்றே தெரியாத கிழவருக்கு, அடி வண்டல்கூட மிஞ்சாது. அதைவிட, தொட்டியிலிருக்கும் மொத்தத்தையும் உருவாக்கியவளே வெளியில் எடுத்து, யார் எவ்வளவு போட்டார்களோ அவ்வளவை, அவரவர் பணம் அனுப்பிய இணைய முகவரிக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் பொய் சொல்ல முடியாது. அதைத்தான் அந்தக் கணக்குப் புத்தகம் அழிக்காமல் வைத்திருக்கிறதே.

வரைந்து முடித்துத் திரும்பியபோது, இந்தப் பாடத்தில் முதல்தடவையாகத் தனக்கு ஏதோ ஒன்று முழுசாகப் புரிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷப்படத்தான் நேரமில்லை.

துறைத்தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மேடம், இது பல்கலைக்கழகத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லாத விஷயம். ஒரு ஸ்டூடன்ட் வெளியில என்னவோ பண்ணியிருக்கா. நாம விசாரணைக் குழு போடுவோம். அதுவரைக்கும் நீங்க வெளியில எங்கயும் வாயைத் திறக்காதீங்க. அந்தப் பொண்ணும் எதையும் தொட வேண்டாம்.”

“குழு கூடுறதுக்குள்ள இன்னும் நூறு பேர் வாங்கிடுவாங்களே சார்.”

“வாங்கினா அவங்க பாடு. பேராசை பிடிச்சவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?”

“என் தம்பியும் வாங்கியிருக்கான் சார்.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை தப்பும். திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அவள் வாழ்க்கையில் மேலதிகாரி சொன்னதை மீறியதே கிடையாது. அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவள். கடைசியில் தம்பிக்குப் போன் செய்து, மார்க்கெட் தெருக் கடைக்காரர்களையெல்லாம் ஓர் இடத்தில் கூட்டச் சொன்னாள்.

தையல் கடைக்கு மேல் வியாபாரிகள் சங்கத்தின் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடும் மின்விசிறி. காசுக்குச் சொந்தக்காரியே வருகிறாள் என்று தம்பி சொல்லியிருந்ததால், எல்லாரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். சாவி போடுகிறவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதைதான் அவளை இன்னும் கலக்கியது. கூடவே வந்திருந்த கணவர் வாசல் ஓரத்தில் நின்றுகொண்டார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “அந்தக் காயின் என்னுடையது இல்லை. அந்த வீடியோவில் பாதியை வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காசை வாங்க மட்டும்தான் முடியும், விற்க முடியாது” என்று வகுப்பில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

செருப்புக் கடைக்காரர் சிரித்தார்.

“டீச்சரம்மா, நாங்களும் வியாபாரிங்கதான். சரக்கு விலை ஏறும்போது, சரக்கு மட்டம்னு சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்குற ஆளுங்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கோம்! எங்களை வெளிய தள்ளிட்டு நீங்க வாங்கலாம்னு பாக்குறீங்களா?”

“ஐயா, நான் எதுக்கு அப்படிப் பண்ணணும்?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இப்படி ஒரு பதிலை அவள் ஒத்திகையில் எதிர்பார்க்கவே இல்லை. அப்போது தம்பி எழுந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“யாரும் எதையும் நம்ப வேணாம். அவங்கவங்க போனை எடுங்க. ஒண்ணே ஒண்ணை வித்துப் பாருங்க.”

எல்லாரும் போனை எடுத்தார்கள். விரல்கள் அழுத்தின. ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினார். “எனக்கு சிவப்பா வருது, உனக்கு?” “எனக்கும்.” “நெட் இல்லையா?” “நெட் இருக்கே.” பை கடைக்காரர் போனைத் தட்டினார், தட்டினால் சரியாகிவிடும் என்பதுபோல. மெதுவாக எல்லார் தலையும் போனிலிருந்து நிமிர்ந்தது. ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்கள்.

“உங்கக்கா நாணயத்தை நம்பித்தானேப்பா போட்டோம்?” என்றார் சாவி போடுகிறவர், கோபமில்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தம்பி தாங்கியிருப்பான். 

“பணம் திரும்பி வரும்” என்றாள் அவள். “போட்டது போட்டபடி வரும். நான் பொறுப்பு.”

சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் பயம் வந்தது. அந்தப் பெண் சொன்னது பொய்யாக இருந்தால்? தொட்டி காலியாக இருந்தால்? நடுவில் யாராவது புகுந்துவிட்டால்? படி இறங்கும்போது கால் தடுக்கியது. கணவர் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு அப்படி வாக்குக் கொடுத்தேன்?” என்றாள் தெருவில்.

“கொடுத்தாச்சு. இனிமே பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிட வேண்டியதுதான்” என்றார் அவர். “கடிக்கப் பல்லு வேணும்னா சொல்லு, வீட்ல நிறைய இருக்கு.”

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் டீச்சரும் அந்தப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் தொட்டியிலிருந்து மொத்தத்தையும் வெளியில் எடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்த அந்த நேரம்தான் மிக மோசம். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண் நகத்தைக் கடித்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். பச்சை வந்தது. பணம் முழுசும் இருந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு முகவரியாகத் திருப்பி அனுப்பினார்கள். பெண் முகவரியைப் படிப்பாள், டீச்சர் திரையில் சரிபார்ப்பாள். ஓர் எழுத்து தப்பினாலும் பணம் யாருமில்லாத இடத்துக்குப் போய்விடும், திரும்பக் கூப்பிட முடியாது. அதனால் அழுத்துவதற்கு முன் இன்னொரு தடவை பார்ப்பார்கள். டீச்சர் இன்னும் ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பெண் ஒருதடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. மதியம் பிஸ்கட்டும் டீயும் அங்கேயே. வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பி நிழல் சுவரில் ஏறியபோது கடைசி முகவரியும் முடிந்தது. வலையமைப்புக் கட்டணம் போனதால் எல்லாருக்கும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறையை அந்தப் பெண்ணால் கட்ட முடியாது. டீச்சராலும் எல்லாருக்கும் கட்ட முடியாது. அதை அப்படியே எழுதி, மன்னிப்பும் எழுதி, காயின் பக்கத்திலேயே போட்டார்கள்.

கடைக்காரர்களில் சிலர் நன்றி சொல்லியனுப்பினார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. நன்றாக ஏறிக்கொண்டிருந்த காயினை அந்த டீச்சர் கெடுத்துவிட்டாள், விட்டிருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். போட்டதற்குக் குறைவாகவே திரும்பி வந்தது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார். அது உண்மைதான், அதனால் அவளால் மறுக்க முடியவில்லை.

விசாரணைக் குழு பிறகு நிதானமாகக் கூடியது. அந்தப் பெண்ணை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். டீச்சரையும் கூப்பிட்டார்கள்.

“இந்த புராஜெக்டை நீங்க படிச்சீங்களா மேடம்?”

“படிச்சேன்.”

“அந்த வரியைப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை என்றால் கவனக்குறைவோடு போய்விடும் என்று துறைத்தலைவர் முன்னாடியே ஜாடையாகச் சொல்லியிருந்தார். அவளும் அப்படித்தான் சொல்ல நினைத்துப் போயிருந்தாள். ஆனால் வாயில் வேறு வந்தது. “பார்த்தேன். புரியலை. புரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு முழு மார்க் போட்டேன்.”

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது, பாடம் வேறொருவர் கைக்குப் போனது. மாலை வளாகத்துக்கும் மாற்றினார்கள். அவள் இரண்டு பஸ் மாறிப் போகப் பழகிக்கொண்டாள்.

தம்பி பல மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவனுக்கு அவள்மேல் கோபமில்லை என்று அவன் மனைவி வந்து சொன்னாள். “தெருவுல தலைகாட்ட முடியலை அண்ணி. யாராவது சிரிச்சாலே தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு நினைக்கிறாரு. கொஞ்சம் விடுங்க, வருவாரு.” பிறகு ஒருநாள் வந்தான். காயினைப் பற்றி இருவரும் பேசவில்லை. வந்தான், சாப்பிட்டான், மாமாவின் போனைச் சரிசெய்து கொடுத்தான், போனான்.

அந்த வீடியோதான் அடங்கவில்லை. ரிவிஷன் காயின் செத்துப்போன பிறகும் அந்தத் துண்டு வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. முன்பின் தெரியாத யாரோ அதை எடுத்துத் தங்கள் காயினுக்கு ஒட்டிக்கொண்டார்கள். புகார் கொடுத்தாள். ஓரிடத்தில் எடுத்தால் வேறிடத்தில் முளைத்தது. கடைசியில் கணவரின் வேலை அறையில், நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் உட்கார்ந்து, முழு வாக்கியத்தையும் சொல்லி அவளே ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். பின்னால் அலமாரியில் வரிசையாகப் பல்செட்டுகள் இளித்துக்கொண்டிருந்ததை எடுக்கும்போது அவள் கவனிக்கவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் அதற்காகவே பார்த்தார்கள். எப்படியோ பார்த்தார்கள். வீடியோவில் தன் எண்ணையும் கொடுத்திருந்தாள். வேண்டாம் என்று கணவர் சொல்லியும் கேட்கவில்லை.

அதிலிருந்து தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும். ஒவ்வொரு தடவையும் யார் திட்டப் போகிறார்களோ என்று தயங்குவாள். திட்டுகிறவர்களும் உண்டு. இருந்தும் எடுத்துவிடுவாள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று வந்தது. ஒரு பெண் குரல், அவளைவிட வயது அதிகம் இருக்கும். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

“ஏம்மா, நீங்கதானே அந்த டீச்சர்? என் மருமகன் உங்க வீடியோவைக் காட்டி எதையோ வாங்கச் சொல்றாரு. வாங்கலாமா?”

“வாங்காதீங்கம்மா. அந்த வீடியோவுல நான் சொன்னது பாதிதான்.”

“மீதி என்ன?”

பஸ் வந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவள் ஏறவில்லை. நிழலாக இருந்த பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, அந்த அம்மாவுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.